கிறிஸ்மஸ் சாப்பாடு: கறிச்சட்டியும் கடன் நோட்டும்



கார்த்திகை முடிந்து மார்கழி எட்டிப் பார்த்தால் நம் குழுக் கூட்டங்களில் ஒரு சத்தம் கேட்கும். "ஊக்குநர் அக்கா, பண்டிகைக்கு ஒரு அஞ்சாயிரம் உள்கடன் வேணும்." சாயர்புரம், நாசரேத், ஏரல் பக்கத்துக் குழுக்களில் டிசம்பர் மாதத் தீர்மான நோட்டைப் புரட்டினால் இந்த வரி இல்லாத பக்கம் குறைவு. இந்து சகோதரிகளுக்குத் தீபாவளி, முஸ்லிம் சகோதரிகளுக்குப் பெருநாள் என்று மாதம்தான் மாறும், வரி மாறாது. அதனால் இந்த இதழில் கிறிஸ்மஸ் அன்று நம் பகுதி வீடுகளில் என்னதான் சமைக்கிறோம், அதில் எது எங்கிருந்து வந்தது, எதற்குக் கையில் காசு வேண்டும், எதற்குக் கை மட்டும் போதும் என்று கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயம். கிறிஸ்மஸ் விருந்து என்றால் டி.வி.யில் இரவுச் சாப்பாட்டைத்தான் காட்டுவார்கள், மேசை மேல் மெழுகுவர்த்தி எல்லாம் வைத்து. நம் ஊரில் விருந்து பகலில்தான். 25-ம் தேதி விடியுமுன்னே சர்ச்சில் மணி அடிக்கும். இருட்டோடு இருட்டாகக் குளித்து, புதுத்துணி உடுத்தி ஆராதனைக்குப் போய்த் திரும்பும்போது கிழக்கு வெளுத்திருக்கும். வந்ததும் இட்லி அல்லது தோசை, தொட்டுக்கொள்ள ஆட்டுக்கறிக் குழம்பு. சில வீடுகளில் ஆப்பம், இடியாப்பம். மத்தியானம் சோறு, கறி வறுவல், கோழி, வெங்காயப் பச்சடி. வசதி உள்ள வீட்டில் நெய்ச்சோறு, இப்போது பெரும்பாலும் பிரியாணி. ராத்திரிக்குத் தனிச் சமையல் கிடையாது. காலைக் குழம்பைச் சுண்டவைத்துத் தோசைக்கு ஊற்றிக்கொள்வோம். உண்மையைச் சொன்னால், அந்தச் சுண்டக் குழம்புக்கு முன்னால் மத்தியானப் பிரியாணி நிற்காது!

கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் 24-ம் தேதி நள்ளிரவுப் பூசை. அங்கேயும் பண்டிகைச் சட்டியில் வேகுவது ஆட்டுக்கறிதான். தினம் மீன் சாப்பிடுகிற வீட்டில் பண்டிகைக்கும் மீனா என்று கேட்பார்கள். வாஸ்தவம்தானே! எப்போதும் கிடைப்பது விருந்தாகாது. அபூர்வமாகக் கிடைப்பதுதான் விருந்து.

இதே கணக்கில் பார்த்தால் ஒரு காலத்தில் சோறே விருந்துதான். சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில், 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியேறி உண்டான ஊர் சாயர்புரம். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த போப் ஐயர் 1842-ல் இங்கே வந்து பள்ளிக்கூடம் நடத்தினார் என்பது பலருக்கும் தெரியும். அன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் பனையேற்றுத்தான் பெரும்பாலான வீடுகளின் பிழைப்பு. பதநீர்க் காலத்தில் பதநீரும் கருப்பட்டியும்தான் பாதி ஆகாரம். மற்ற மாதங்களில் கம்பு, சோளம், கூழ், பனங்கிழங்கு. ஆற்றுப் பாசனம் உள்ள ஊரில் நெல் விளைந்தாலும் மேட்டுப் பூமிக்காரருக்கு நெல்லுச்சோறு நாளும் கிழமையும் பார்த்துத்தான். எங்கள் கூட்டங்களுக்கு வருகிற வயதான ஆச்சிமார் இன்றும் சொல்வார்கள், "எங்க காலத்துல கிறிஸ்மஸ்னா நெல்லுச்சோறு கிடைக்கும்லா, அதுதான் சந்தோசம்" என்று. இப்போது ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. சோறு விருந்து என்ற இடத்தை விட்டு இறங்கியதும் அங்கே கறி வந்தது. அடுத்து பிரியாணி வந்தது. கூடவே செலவும் ஏறிவிட்டது.

கறி வாங்குவதில் நம் கிராமங்களில் நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது. பங்குக்கறி! ஏழெட்டு வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டை முன்கூட்டியே பேசி வாங்கி, 25-ம் தேதி விடியற்காலையிலேயே அறுத்துக் கூறு போடுவார்கள். ஈரல், எலும்பு, தொடை, குடல் எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் விழும்படி பார்த்துப் பார்த்து வைப்பார்கள். கடையில் வரிசையில் நின்று கேட்ட விலை கொடுப்பதைவிட இதில் மிச்சம் உண்டு. ஆடு வளர்க்கிற நம் உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தையில் தீபாவளி, கிறிஸ்மஸ், பக்ரீத் நேரம் விலை ஏறும். ஆனால் வண்டி வாடகை கொடுத்து அங்கே போய் விற்பதா, ஊருக்குள்ளேயே பங்குக்காரர்களிடம் நேராகக் கொடுப்பதா என்று உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். பத்து வீட்டுக்குக் கறி வேண்டும், பக்கத்துத் தெருவில் ஆடு நிற்கிறது. இடையில் தரகர் எதற்கு?

குழம்பு வைப்பதைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை. மல்லி, வற்றல், சீரகம், மிளகு, பெருஞ்சீரகம் வறுத்து, தேங்காயோடு அம்மியில் வெண்ணெயாக அரைத்து, சின்ன வெங்காயம் தாராளமாகப் போட்டு, நல்லெண்ணெயில் தாளித்தால் நம் பக்கத்து மணம் வந்துவிடும். இப்போது மிக்ஸியில் அரைக்கிறோம். தோள்வலி மிச்சம். அம்மிதான் ருசி என்று ஆண்கள் யாராவது சொன்னால் அவர்களையே அரைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். முந்தின நாள் ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்று, விடியற்காலை ஆராதனையில் தூங்கி விழுந்து, வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு, மூன்று மணிக்குச் சட்டியில் ஒட்டியிருப்பதைத் துடைத்துச் சாப்பிடுவது யார்? நாம்தான். சோகை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி நர்சம்மா விரட்டுகிறவர்களும் நாம்தான். ஈரல் துண்டு பிள்ளைக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் அல்ல. உங்களுக்கும் ஒரு பங்கு முதலிலேயே எடுத்து வையுங்கள்.

இனி பலகாரத்துக்கு வருவோம். நம் பகுதி கிறிஸ்மஸின் அடையாளம் கறியைவிடப் பலகாரம்தான். கறிக்குழம்பு எந்த ஞாயிற்றுக்கிழமையும் வைக்கலாம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அடுப்பில் ஏறினால்தான் தெருவுக்கே பண்டிகை வந்ததாக அர்த்தம். டிசம்பர் 15 தாண்டிவிட்டால் ஒவ்வொரு வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி காயும். ஒரு வீட்டு வேலைக்கு நாலு வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். "மதினி, பாகு பதம் வந்துட்டா பாருங்க" என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பாள். கைமுறுக்கு சுற்றுவதற்கென்றே தெருவில் ஒரு கைகாரி இருப்பாள். அவளுக்கு அந்த வாரம் தூக்கமே கிடையாது.

முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூடக் கிடையாது, தெரியுமா? அதில் இருப்பது பாசிப்பயறு. மூன்று நாலு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கொடிமுந்திரிக் குலை, அதாவது திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஒரு கிலோ பயறை வாசம் வரும்வரை வறுத்து, மில்லில் கொடுத்துக் கொரகொரவென்று திரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய தேங்காயைத் துருவி, ஈரம் போய்ச் சிவக்கும்வரை வெறும் சட்டியில் வறுக்க வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். தேங்காயில் ஈரம் இருந்தால் நாலாம் நாளே காறல் அடிக்கும். எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து, முக்கால் கிலோ கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சிச் சூடாக ஊற்றிக் கிளற வேண்டும். கை பொறுக்கிற சூட்டிலேயே சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துவிட வேண்டும். ஆறினால் உதிரும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவில் உப்பும் துளி மஞ்சளும் போட்டுக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கி எண்ணெயில் போட்டால் கொத்தாகச் சேர்ந்துகொள்ளும். நன்றாகச் செய்தால் இரண்டு வாரம் கெடாது. பயறு, எள், கருப்பட்டி எல்லாம் சத்துள்ளவை. கடையில் வாங்குகிற கலர் மிட்டாய்க்குப் பதில் பிள்ளைகள் கையில் இதைக் கொடுக்கலாம்.

அச்சுமுறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், சீனி, முட்டை, கொஞ்சம் எள். அச்சை எண்ணெயில் நன்றாகச் சூடாக்கி மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். முழுவதும் மூழ்கினால் பூ கழன்று வராது. புது அச்சு வாங்கினால் இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட்டுப் பிறகு எடுங்கள். இவை தவிர மனோகரம், அதிரசம், சீடை, கலகலா என்று அவரவர் வசதிப்படி.

சுட்ட பலகாரம் நம் வீட்டுப் பானைக்குள் மட்டும் இருக்காது. பக்கத்து இந்து வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றுக்கும் தட்டு போகும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அங்கிருந்து வந்த தட்டுக்குப் பதில் தட்டு. அந்த வருடம் சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். உறவுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏங்கக் கூடாது என்று. யார் கண்டுபிடித்த வழக்கமோ, அருமையான வழக்கம்.

ஆனால் தலைக் கிறிஸ்மஸ் என்ற பெயரில் நடப்பதை அப்படிச் சொல்ல முடியவில்லை. புதிதாகக் கல்யாணமான மகளையும் மருமகனையும் அழைத்து விருந்து வைப்பது சந்தோசமான காரியம்தான். சம்பந்தி வீட்டுக்கு இத்தனை முறுக்கு, இத்தனை அதிரசம், இத்தனை கிலோ கேக் என்று எண்ணிக்கை பேசுவதும், "உங்க வீட்டு முறுக்கு தெருவுக்குக் கொடுக்கக் காணலையே" என்று குத்திக்காட்டுவதும் சந்தோசமா? நமக்குத் தெரிந்து பெரிய கடன்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. மாமியாராக இருக்கிற உறுப்பினர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

கருப்பட்டி விஷயத்துக்கு ஒரு நிமிடம். பனை பதநீர் கொடுப்பது மாசி, பங்குனி தொடங்கி ஆடி, ஆவணி வரை. அப்போது காய்ச்சும் கருப்பட்டிதான் வருடம் முழுவதற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுக் கருப்பட்டி கிடையாது. இருப்பதும் கசியும், விலையும் ஏறும். நாம் வாங்கப் போவதோ சரியாக அந்த நேரம்! முன்பு அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்திருப்பார்கள், டிசம்பர் வரை கல்லு மாதிரி இருக்கும். இப்போது காஸ் அடுப்பு. ஈரம் புகாத டின்னில் ஓலைப்பாயோ தாளோ சுற்றி வைத்து, மழைக்கு முன் இரண்டு முறை வெயிலில் காட்டினால் போதும். வைகாசி, ஆனியில் குழுவாகச் சேர்ந்து, காய்ச்சுகிற இடத்திலேயே வாங்கினால் விலையும் குறையும், சரக்கும் சுத்தமாக இருக்கும். கடைச் சரக்கில் சீனி கலப்பு அதிகம். உடைத்துப் பாருங்கள். உள்ளே பளபளவென்று மின்னினால் சந்தேகப்படுங்கள். நல்ல கருப்பட்டி மங்கலான நிறத்தில் இருக்கும்.

இனி கேக். இன்று கேக் இல்லாத கிறிஸ்மஸ் இல்லை என்று ஆகிவிட்டது. நம் ஆச்சிமாருக்குக் கேக் தெரியாது. இந்தியாவில் கிறிஸ்மஸ் கேக் கதையைச் சொல்பவர்கள் 1883-ல் கேரளத்தின் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் ஒரு வெள்ளைக்காரருக்காகச் செய்த கேக்கிலிருந்து ஆரம்பிப்பார்கள். நம் தூத்துக்குடிக்கு உரியது மக்ரூன். ஐரோப்பாவில் பாதாம்பருப்பில் செய்ததை, இங்கே முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு கொண்டு செய்கிறார்கள். அந்த முந்திரி மரமே போர்த்துக்கீசியர் பிரேசில் நாட்டிலிருந்து நம் கரைக்குக் கொண்டு வந்ததுதான். கறிக்குழம்பில் போடுகிற வற்றல் மிளகாயும் கடல் தாண்டி அவர்களோடு வந்ததே. ஆகவே கேக் அந்நியம் என்று ஒதுக்கவும் வேண்டாம், அது இல்லாவிட்டால் பண்டிகை இல்லை என்று நினைக்கவும் வேண்டாம்.

வெளியூரில், வெளிநாட்டில் என்ன சாப்பிடுகிறார்கள்? கேரளத்தில் ஆப்பமும் இஸ்டூவும். இங்கிலாந்தில் வான்கோழி. போலந்து நாட்டில் 24-ம் தேதி ராத்திரி பன்னிரண்டு வகை வைப்பார்கள், ஒன்றில்கூட இறைச்சி இருக்காது, மீன் உண்டு. எத்தியோப்பியாவில் நாற்பது நாளுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை இல்லாமல் நோன்பிருந்து ஜனவரி 7-ம் தேதி கோழிக்குழம்பு. ஜப்பான்காரர்கள் கதை வேடிக்கை. அங்கே கிறிஸ்தவர்கள் மிகக் குறைவு. 1970-களில் ஒரு கோழிக்கறிக் கம்பெனி செய்த விளம்பரத்தால் இன்றைக்கும் கிறிஸ்மஸுக்குப் பொரித்த கோழியை முன்பதிவு செய்து வாங்குகிறார்கள். விளம்பரம் ஒரு நாட்டுக்கே பழக்கத்தை உண்டாக்கிவிடும், பார்த்தீர்களா!

2023-ம் வருடத்தை நம் பகுதி மறக்காது. டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி பெருகி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வெள்ளக்காடானது. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பயறு திரித்து வைத்த நேரம், அரிசி மாவு இடித்து வைத்த நேரம். எல்லாம் நனைந்து போனது. ஆடு, கோழி போன வீடுகள் எத்தனையோ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் ஊரிலும் வெள்ளம் இருக்க, பயணிகளைக் கோயிலில் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்கள். அந்த கிறிஸ்மஸில் பல வீடுகளில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. நிவாரணமாக வந்த அரிசியும் பருப்பும்தான் பண்டிகைச் சாப்பாடு. ஆராதனை நடந்தது, பிள்ளைகள் போனார்கள், வந்தார்கள். யாரும் யாரையும் "உங்க வீட்டில் பிரியாணி இல்லையா" என்று கேட்கவில்லை.

கடைசியாகக் கணக்கு. இது ஒரு உதாரணம்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். விருந்தாளியோடு சேர்த்து இரண்டு கிலோ கறி, கிலோ 900 என்றால் 1,800 ரூபாய். பலகாரச் சாமான்கள் 1,700. மத்தியானச் சமையலுக்கு அரிசி, நெய், கோழி, காய்கறி 700. கேக் 500. மொத்தம் 4,700. துணி இதில் சேரவில்லை. இதற்காக 5,000 ரூபாயை வெளியே நூற்றுக்குப் பத்து வட்டியில் வாங்கினால் மாதம் 500. ஈஸ்டர் வரை நாலு மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 2,000. கறிக்குக் கொடுத்ததைவிட அதிகம்! கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனாலும் அவசரத்துக்குக் கை நீட்டுகிறவர்கள் சட்டத்தையா பார்க்கிறார்கள்? அதே 5,000 குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு உள்கடன் என்றால் மாதம் 50, நாலு மாதத்துக்கு 200.

கடனே வேண்டாம் என்றால் ஜனவரி முதல் வாரத்திலிருந்து வாரம் 100 ரூபாய். 50 வாரத்தில் 5,000. பதினைந்து பேர் குழுவுக்கு 75,000 சேரும். ஆனியில் அதிலிருந்தே கருப்பட்டி, ஐப்பசியில் பயறு, டிசம்பரில் ஆட்டுக்கு முன்பணம். வெளியாள் நடத்துகிற பண்டிகைச் சீட்டில் கட்டிவிட்டு, கடைசி மாதம் வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்து அழுத கதைகளைச் செய்தித்தாளில் நிறையப் படித்திருக்கிறோம். குழுவில் சேர்த்தால் பணம் வங்கிக் கணக்கில் இருக்கும், நோட்டு உங்கள் கண் முன்னால் இருக்கும்.

இதற்குத் தனி நோட்டுப் போடுங்கள். வாராந்திரச் சந்தாவோடும் உள்கடன் வரவோடும் கலக்க வேண்டாம், தணிக்கையின்போது குழப்பம் வரும். பெயர், வாரம், தொகை, கையெழுத்து என்று நாலு கட்டம் போதும். ஜனவரி முதல் கூட்டத்தில் தீர்மானம் எழுதும்போது, தீபாவளிக்கும் பெருநாளுக்கும் பணம் எடுக்க விரும்புகிற உறுப்பினர்கள் எந்த மாதம் எடுக்கிறார்கள் என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.